கணவாய்க் காற்றும் ஊராட்சியின் பங்கும்

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குக் காற்று இலஞ்சி வயல்களைச் சாரலால் நனைக்கிறது. அதே காற்றுதான் கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. 2030க்குள் நிலக்கரி, எண்ணெய் சாராத மின்திறன் 500 கிகாவாட், 2070க்குள் நிகர சுழிய உமிழ்வு என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கைக் காப்பாற்றும் இடங்களில் இந்தக் கணவாயும் ஒன்று. ஆனால் தமிழகத்தின் நல்ல காற்றுள்ள நிலங்கள் பலவற்றில் 1990களில் நட்ட, 250 கிலோவாட் அளவிலான சிறு ஆலைகளே இன்னும் நிற்கின்றன. இன்றைய ஆலை ஒன்றின் திறனோ 2,000 கிலோவாட்டைத் தாண்டும். பழையவற்றைப் புதுப்பிக்க மத்திய அரசு 2023இலும் தமிழக அரசு 2024இலும் கொள்கை வகுத்தது நல்ல தொடக்கம். அது மட்டும் போதாது. பருவத்தில் பெருகும் மின்சாரத்தை வீணாக்காமல் கொண்டுசெல்ல மின்தடம் வேண்டும். சேமித்து வைக்க மின்கலம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருமானத்தில் ஒரு பங்கு, ஆலை நிற்கும் ஊராட்சிக்குச் சட்டப்படி சேர வேண்டும். நிலமும் காற்றும் தரும் ஊர் வளராமல் நாடு மட்டும் வளர்வதைப் பசுமை வளர்ச்சி என்று சொல்ல முடியாது. அடுத்த காற்றுப் பருவத்துக்குள் ஊராட்சிக்கான இந்தப் பங்கை அரசு அறிவிக்கட்டும்.