எலுமிச்சம்பழமும் மலைப்பாதையும்

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைக் காணாதவர் பேரா மாநிலத்தின் பேரழகைக் காணாதவரே என்று கூறுவது மிகையாகாது. கிரிக்கிலிருந்து கிளந்தானிலுள்ள ஜெலி வரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர் செல்லும் அம்மலைப்பாதை, 1970 இல் தொடங்கப்பெற்று, கம்யூனிஸ்டுகளின் தாக்குதலுக்கிடையே இராணுவக் காவலில் வேலை நடந்து, 1982 இல் திறக்கப்பட்டது. வடபால் 2007 இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும் காடு. தென்பால் தெமெங்கோர் காடு. நடுவே பாண்டிங் தீவைத் தாங்கி நிற்கும் பேரேரி. பாரிட் புந்தாரிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர், பள்ளி விடுமுறை வந்தால் பஸ் பேசிக்கொண்டு, கோலகங்சார், லெங்கோங் வழியாக இப்பாதையேறிக் கிழக்குக் கரைக்குச் செல்கின்றனர். செல்லட்டும், மகிழட்டும். அவர்கள் புறப்படும் முறையைப் பற்றியே நாம் எழுத வந்தோம்.

கோயில் வாசலில் பஸ் நிற்கும். கற்பூரம் எரியும். தேங்காய் சிதறும். முன் சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்படும். பழம் நசுங்கிற்று, கண்ணேறு கழிந்தது, இனி மலையும் வளைவும் நம்மை என்செய்யும் என்ற துணிவோடு வண்டி கிளம்பும். பழம் வைக்கக் குனிந்த அன்பர், குனிந்தது குனிந்தார், அந்த டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்ததுண்டா? இத்தகைய சுற்றுலா ஒன்றின் செலவுக் கணக்கு எம் பார்வைக்கு வந்தது. கணக்கெழுதியே காலங்கழிப்பவனாதலின் வரி வரியாகப் படித்தோம். தேங்காய், பழம், கற்பூரம், தட்சணை யாவும் சென் பிசகாமல் இருந்தன. இரண்டாவது டிரைவர் என்றொரு வரி இல்லை. இரவெல்லாம் ஒரே மனிதர் ஓட்டியிருக்கிறார்!

“பழம் நசுக்குவதால் யாருக்கு என்ன நஷ்டம்? மனத்திற்கு ஒரு தைரியம்தானே?” என்று கேட்பாருளர். அந்தத் தைரியமே நஷ்டம் என்கிறோம். மலையிறக்கத்தில் மனிதனுக்கு வேண்டுவது அச்சம். பாரமான பஸ் இறங்குகையில் பிரேக்கை இடைவிடாது மிதித்துக்கொண்டே வந்தால், வண்டியின் வேகம் முழுதும் உஷ்ணமாக மாறி டிரம்மில் ஏறும்; டிரம் விரியும்; லைனிங் பிடியிழக்கும்; அப்புறம் எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. ஆகையால்தான் இறங்கத் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியரில் போட்டு, இயந்திரத்தைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும் என்கின்றனர் அறிந்தவர். இவ்வுண்மைக்குச் சாதியில்லை, சமயமில்லை. ஆயிரம் பழம் நசுக்கினும் சூடேறிய டிரம் குளிராது. 2010 டிசம்பரில் கேமரன் மலையிலிருந்து இறங்கிய பஸ் கவிழ்ந்து 27 உயிர்கள் போயின. 2013 ஆகஸ்டில் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 37 உயிர்கள் போயின.

நாம் சொல்லும் இந்தச் சாலையிலேயே, 2025 ஜூன் 9 ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்து மாணவர் 15 பேர் பஸ் கவிழ்ந்து மாண்டனர். ஆசிரியராக வேண்டிய பிள்ளைகள்! அந்தோ, அதைக் கேட்டு நம் காப்பிக்கடைகளில் எழுந்த சொல் என்ன? “விதி” என்றனர். “தலையெழுத்து” என்றனர். இச்சொல்லைப் போல் பஸ் முதலாளிக்கு உதவும் வக்கீல் உலகத்தில் எவருமில்லர். பிரேக்கைச் சோதிக்காதவனுக்கும், உரிமத்தைத் தான் வைத்துக்கொண்டு வண்டியைப் பிறருக்குக் குத்தகைக்கு விட்டவனுக்கும், சாலையோரத் தடுப்பைச் செப்பனிடாதவனுக்கும் ஒருங்கே விடுதலை வாங்கித் தரும் சொல் அது. நல்ல வேளையாகப் போக்குவரத்து அமைச்சு தலையெழுத்தை விசாரிக்கவில்லை. வேகத்தையும், பிரேக்கையும், தடுப்பையும் விசாரித்தது. குத்தகைக் குற்றத்திற்காக உரிமத்தையும் ரத்துச் செய்தது. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து தூரப் பஸ்களிலும் சுற்றுலாப் பஸ்களிலும் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயமாயிற்று. விதியென்று வாய்மூடியிருந்தால் இவற்றுள் எது நடந்திருக்கும்?

அதே சாலையில், அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 11 ஆம் நாள் விடியுமுன், லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்தது. தாய் அந்த லாரியைத் தலையால் முட்டிக்கொண்டு நெடுநேரம் அகலாது நின்ற காட்சியை நாடே பார்த்து உருகிற்று. காட்டைப் பிளந்து நாம் சாலை போட்டோம். யானை தன் பழைய தடத்திலேயே நடக்கிறது. யானைகள் கீழே கடந்து செல்லக் கிரிக் அருகே ஒரு மேம்பாலமும், வழிநெடுக எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு. நம்மவரோ, ஆனைமுகனுக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் புறப்பட்டு, மெய்யான ஆனை எதிரே வந்தால் ஹார்னை அலறவிட்டுப் படம் பிடிக்க இறங்குகின்றனர். இப்பக்தியை என்னென்பது!

வருகிற விடுமுறைக்குப் பஸ் பேசப் போகும் ஆலய நிர்வாகத்தாரும் இளைஞர் மன்றத்தாரும் வாடகையைப் பேரம் பேசுமுன் சில கேள்வி கேட்கட்டும். புஸ்பகோம் சோதனைச் சான்று எங்கே? உரிமம் யார் பெயரில் இருக்கிறது? முந்திய இரவு டிரைவர் எத்தனை மணி நேரம் உறங்கினார்? ஒவ்வோர் இருக்கையிலும் பட்டை உண்டா? இவற்றுக்கு முகஞ்சுளிக்கும் பஸ்காரர் ஐம்பது வெள்ளி குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பழத்தைப் பிழிந்து பிள்ளைகளுக்குச் சர்பத்துக் கலந்து கொடுக்கலாம். மலைவளைவில் குமட்டலுக்கு நல்லது. இரவுப் பயணம் அறவே கூடாது. விடிந்தபின் புறப்பட்டால், ஏரியின்மேல் பனி விலகுவதையும் காணலாம். இருட்டில் போகிறவர்களுக்கு அந்த ஏரி இருப்பதே தெரிவதில்லை.