ஆள் மாறுகிறார், லத்தி மாறவில்லை

புதிய போலீஸ் கமிஷனர் பதவியேற்கும்போதெல்லாம் தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் நம்மவர்கள் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள். "இவர் நேர்மையானவராம், ஏழைக்கு இரங்குவாராம், இனி ஸ்டேஷனில் நமக்கும் மரியாதை கிடைக்கும்" என்கிறார்கள். வந்தவர் போகிறார்; அடுத்தவர் வருகிறார்; அதே பேச்சும் திரும்பி வருகிறது. நம் பிள்ளைகளைச் சந்தேகத்தின் பேரில் இழுத்துச் செல்வது மட்டும் நிற்கவில்லை. நல்ல அதிகாரிக்காகக் காத்துக் கிடப்பது உழைக்கும் மக்களின் அரசியல் ஆகாது என்கிறோம் நாம். அதற்கு இந்தப் படையின் வரலாறே சாட்சி.

கிழக்கிந்தியக் கம்பெனி 1779-ல் ஜேம்ஸ் டாட் என்பவரைப் பம்பாயின் போலீஸ் லெப்டினன்டாக நியமித்தது. கம்பெனிக்கு வேண்டியிருந்தது தன் கோட்டைக்கும் கிடங்குக்கும் காவல். காவலுக்கு வந்தவரோ 1790-ல் லஞ்சக் குற்றத்துக்காக விலக்கப்பட்டார். 1810-ல் சூப்பரிண்டெண்ட் சார்லஸ் பிரிஸ்கோவும் அதே குற்றச்சாட்டில் கூண்டேறினார். மேலிடத்து லஞ்சம் நேற்று முளைத்த நோயா, என்ன?

1857-ல் போலீஸ் தலைவராயிருந்த சார்லஸ் ஃபோர்ஜெட் மாறுவேடத்தில் திரிந்து உளவறிவதில் பேர் பெற்றவர். அவரிடம் அகப்பட்ட இரண்டு சிப்பாய்கள் அக்டோபரில் எஸ்பிளனேடு மைதானத்தில் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். அந்த மைதானத்தின் ஒரு பகுதியான ஆசாத் மைதானத்தில்தான் இன்று நாம் கொடி பிடித்துக் கூடுகிறோம். 1864-ல் பிராங்க் சௌட்டர் முதல் கமிஷனரானார். 1902-ல் வந்த பம்பாய் நகரப் போலீஸ் சட்டம், வேண்டாதவனை ஊரைவிட்டே விரட்டும் அதிகாரத்தைக் கமிஷனர் கையில் கொடுத்தது. 1908-ல் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதித்ததைக் கண்டித்து மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் துப்பாக்கிக் குண்டு.

வெள்ளையன் போனான். 1947 ஆகஸ்ட் 15-ல் ஜே.எஸ்.பரூச்சா முதல் இந்தியக் கமிஷனராக அமர்ந்தார். சட்டம் மாறியதா? 1951-ல் நம்மவர் ஆட்சியே இயற்றிய போலீஸ் சட்டத்திலும் ஊர்விலக்கு அதிகாரம் நீடித்தது. நம் தெருக்களில் அதற்குத் 'தடிபார்' என்று பெயர். ஐம்பதுகளில் ஐக்கிய மகாராஷ்டிரம் கேட்ட மராட்டிய மக்கள் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பலரைக் கொன்றது போலீஸ் குண்டு. அவர்கள் நினைவாக நிற்பதுதான் ஹுதாத்மா சௌக். ஆகவே, "நாம் தமிழர் என்பதால்தான் அடி விழுகிறது" என்று மட்டும் நினைப்பது தவறு. சொந்த மொழி பேசும் உழைப்பாளியையும் அந்தத் துப்பாக்கி விட்டுவைக்கவில்லை.

நம்மவர் கதைக்கு வருவோம். வறட்சியால் வேலையிழந்த ஒரு நிலமற்ற கூலி, 1961-ல் சேலத்திலிருந்து பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள்கூலி 23 ரூபாய், குடியிருப்பு நடைபாதையில். 1981 ஜூலையில் மாநகராட்சி அவர் குடிசையை இடித்தது. குடும்பத்தோடு அவரைப் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வேலை தேடி அவர் மறுபடி இங்கேதான் வந்தார். நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. ரௌடியைத் தடிபார் செய்வதற்குக்கூட நோட்டீஸ் தர வேண்டும், அவன் வாதத்தைக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். உழைத்துப் பிழைத்தவருக்கு அந்த நியாயம்கூட இல்லாமல் போயிற்று!

"போலீஸே வேண்டாம் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. 2008 நவம்பர் 26 இரவு, துப்பாக்கி ஏந்திய பயங்கரவாதியை வெறும் லத்தியோடு மடக்கிப் பிடித்து உயிர் கொடுத்தவர் துக்காராம் ஓம்ப்ளே, ஓர் உதவி சப்-இன்ஸ்பெக்டர். அவரைப் போன்றவர்களை நாம் வணங்குகிறோம். காக்கிச் சட்டைக்குள்ளும் நம்மைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1982-ல் மில் தொழிலாளர்கள் இரண்டரை இலட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது, ஆகஸ்ட் 18 அன்று கான்ஸ்டபிள்களும் வீதிக்கு வந்தார்கள். மில் தொழிலாளர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அரசு என்ன செய்தது? கான்ஸ்டபிள் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது, தலைவர்களைக் கைது செய்தது, ராணுவத்தை இறக்கியது. அடிக்கச் சொன்னால் அடிக்க வேண்டும், கூலி கேட்டால் குற்றம்!

1992-93 கலவரத்தில் சுமார் 900 பேர் மாண்டனர். கலவரம் ஓய்ந்த கையோடு கமிஷனரை மாற்றினார்கள். 1998-ல் ஸ்ரீகிருஷ்ணா கமிஷன், போலீஸாரிடம் முஸ்லிம் மக்களுக்கு எதிரான மனச்சாய்வு இருந்தது என்று கூறி, 31 போலீஸார் மீது நடவடிக்கை கோரியது. அன்றைய மாநில அரசு அந்த அறிக்கையை ஏற்க மறுத்தது. நாற்காலியில் ஆளை மாற்றியது நடவடிக்கை என்றால், செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நமது கோரிக்கை இதுதான்: போலீஸ் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மகாராஷ்டிரம் சட்டத்தைத் திருத்தியதோ 2014-ல். அந்த ஆணையம் நம் குடிசைவாசிக்கும் எட்டும்படி நடக்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தியாக வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையெழுத்துப் பெற வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சாட்சி விசாரணைக்கென்று பெண்களை ஸ்டேஷனுக்கு அழைக்கக் கூடாது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். இவற்றை ஒவ்வொரு சாலிலும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் படித்துச் சொல்லுங்கள்.

தோழர்களே! ஒரு பிள்ளையைப் பிடித்துப் போனால், அவன் தாய் தனியாக அழுதுகொண்டு ஓட விடாதீர்கள். சங்கத்தாரும், பக்கத்து வீட்டு மராட்டியரும் முஸ்லிமும் சேர்ந்து பத்துப் பேராக ஸ்டேஷன் வாசலுக்குப் போய் நில்லுங்கள். கமிஷனர் யாராயிருந்தாலும், கேட்கத் தெரிந்த பத்துப் பேருக்கு அந்த ஸ்டேஷன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.