ஏட்டிசையும் கேட்டிசையும்

இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவன் இசை கல்லாதவன் என்றொரு கூற்று, மேலை இசைக்கல்லூரிகளிற் பிறந்து, கற்றறிந்தாராகத் தம்மைக் கருதிக்கொள்வார் வாயில் இன்றும் உலவி வருகின்றது. ஐந்து கோடு கிழித்து அவற்றின்மேற் புள்ளியும் காம்பும் இட்டு எழுதினால்தான் அஃது இசையாம்! காதாற் கேட்டு விரலால் ஊதுவது வெறும் ஒலியாம்! இக்கூற்றின் பொய்ம்மையை உடைக்கப் பெரும்படை வேண்டுவதில்லை. அயர்லாந்து மக்களின் தகரக்குழல் ஒன்றே போதும்.

ஐரிய மொழியில் அதற்குப் 'பெடோக்' என்று பெயர். ஆறே துளைகள், பின்புறத்தில் கட்டைவிரல் துளையும் இல்லை. ஆறு துளைகளையும் மூடி மெல்ல ஊதினால் அடிநிலை ஒலி. கீழிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க ஒலி ஏறும். அதே விரல்நிலைகளில் மூச்சை வலுவாகச் செலுத்தினால் மேல்நிலை ஒலிகள் பிறக்கும். இக்குழலைத் தகரத்தகட்டால் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியவர், 1843-இல், இராபர்ட்டு கிளார்க்கு என்னும் ஆங்கிலேயர். கருவி ஆங்கிலேயன் பட்டறையிலும் பிறந்திருக்கலாம்; ஆனால் அதனுட் புகுந்த மூச்சு ஐரியன் மூச்சு; அதனின்று வெளிவந்த மெட்டு ஐரியன் மெட்டு!

அம்மெட்டை அவன் கற்கும் முறை யாது? முதலிற் கேட்கின்றான். ஒரு முறையன்று, இரு முறையன்று. குழலைத் தொடாமலே முணுமுணுக்க வரும்வரை கேட்கின்றான். பின்னர் அசைகளைக் கூட்டி வாயாற் பாடிப் பார்க்கின்றான். இவ்வாய்ப்பாட்டிற்கு ஐரியத்தில் தனிப்பெயரே உண்டு. அதன்பின் மெட்டு எவ்வொலியிற் சென்று ஓய்கின்றது என்று தேடிப் பிடிக்கின்றான். வீடு தெரிந்துவிட்டால் வழி தெரிந்துவிடும். ஆட்ட மெட்டுகளிற் பெரும்பாலானவை இரு பகுதிகள் கொண்டவை. பகுதிக்கு எட்டுத் தாளக்கட்டு. ஒவ்வொரு பகுதியும் இருமுறை வரும். முன்னடி வினவ, பின்னடி விடையிறுக்கும். ஆகவே, ஓரடியைப் பிடித்தவன் பாதி மெட்டைப் பிடித்தவனாகின்றான். சிற்றடி சிற்றடியாக, மெதுவாக, ஆசான் ஊத மாணவன் ஊதி, மெட்டு காதினின்று நெஞ்சிற்கும் நெஞ்சினின்று விரலுக்கும் இறங்குகின்றது. குழந்தை தாய்மொழியைக் கற்பதும் இவ்வாறன்றோ? நெடுங்கணக்கைக் கற்ற பின்னரா அது 'அம்மா' என்றது?

இனி, ஏட்டினால் இயலாதது எது என்பதையும் பார்ப்போம். 'சிகு' என்னும் ஆட்ட மெட்டை எழுதுங்கால், மும்மூன்றாக அமைந்த ஒலிகளை ஒத்த அளவினவாகவே எழுதுவர். ஊதுவோன் அவ்வாறு ஊதுவதில்லை. ஒன்று சற்றே நீளும், ஒன்று சற்றே குறுகும். அந்நுண்ணிய ஏற்றத்தாழ்விற்றான் ஆடுவோர் கால் துள்ளுகின்றது. விரலைக் கணப்பொழுது தட்டி எடுக்கும் வெட்டும், ஒலியைச் சுழற்றும் உருட்டும், வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபடும் நடையும் ஏட்டில் முழுதும் ஏறுவதில்லை. ஏட்டை மட்டும் நம்பி ஊதுபவனுக்குக் கிட்டுவது எலும்புக்கூடே. சதையும் குருதியும் கேட்டவனுக்கே கிட்டும்.

"எழுதி வைத்திராவிடில் அவ்விசை அழிந்திராதோ? சிகாகோவில் ஓநீல் தொகுத்த பெருநூல் ஏட்டிசையன்றோ?" என்று வினவுவர். நல்ல வினாவே! அயர்லாந்தின் கார்க்குப் பகுதியில் 1848-இற் பிறந்து, சிகாகோ மாநகரக் காவல்துறைத் தலைவராக உயர்ந்த பிரான்சிசு ஓநீல், 1903-இல் 1850 மெட்டுகள் அடங்கிய நூலையும், 1907-இல் 1001 மெட்டுகள் அடங்கிய நூலையும் வெளியிட்டார். அவை அயர்லாந்து இசைஞர்க்கு இன்றும் கைந்நூல்கள். ஆனால் அவர்தாம் இசையை எழுதியவரா? இல்லை! அவர் தம் நெஞ்சிலிருந்து ஊதியும் முணுமுணுத்தும் காட்ட, உடன் பணியாற்றிய சேம்சு ஓநீல் என்பவரே எழுதினார். ஏட்டிசையின் பெருங்கோயிலைக் கட்டியவரே கேட்டிசைக்காரர்! ஏடு மூலமன்று, படியே. ஏட்டின் தொண்டை மறுப்பார் இலர். தொண்டனை அரியணையில் அமர்த்துவதே மறுக்கப்படுகின்றது.

தொண்டன் தலைவனானால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1792-இல் பெல்பாசுட்டு நகரில் ஐரிய யாழிசைஞர் கூடினர். அவருட் பலர் பார்வையற்றவர். ஏடு பாராமலே பழம்பெரும் இசையைத் தாங்கி வந்தவர். அவர்தம் இசையை எழுத எட்வர்டு பண்டிங்கு என்னும் பத்தொன்பது அகவை இளைஞர் அமர்த்தப்பட்டார். எழுதியதோடு அவர் நின்றிலர். பின்னர் வெளியிட்ட நூல்களில் அவற்றைப் பியானோவிற்கு ஏற்ப மாற்றியும் அமைத்தார். யாழின் பிள்ளைக்குப் பியானோவின் சட்டை! அவர் காத்ததற்கு நன்றியும், மாற்றியதற்கு வருத்தமும் ஐரியர்க்கு ஒருங்கே உண்டு.

இதனினும் பெரிய பாடம் ஒன்றுளது. இசையைக் காதுவழிக் காத்த அதே நாடு, மொழியை எவ்வாறு காத்தது? 1831-இல் ஆங்கில அரசு நிறுவிய பள்ளிகள் ஆங்கிலத்திற் கற்பித்தன. 1845-இல் தொடங்கிய கொடும்பஞ்சம் ஐரியம் பேசிய ஏழை மக்களையே மிகுதியும் வாரிச்சென்றது. எஞ்சிய பெற்றோர் பலர், பிழைப்பைக் கருதிப் பிள்ளைகளிடம் ஆங்கிலம் பேசினர். 1922-இல் விடுதலையரசு அமைந்தபின், ஐரியம் பள்ளிகளிற் கட்டாயப் பாடமாயிற்று, ஏடுகள் குவிந்தன. விளைவு? 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 51 இலக்கம் மக்களுள், பள்ளிக்கு வெளியே நாள்தோறும் ஐரியம் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே! ஏட்டில் ஏறிய மொழி வீட்டினின்று இறங்கிவிட்டது. மெட்டோ, வீட்டு அடுப்பங்கரையில் ஒலித்துக்கொண்டே இருந்தமையால் உயிரோடிருக்கின்றது. 1973 முதல் ஆண்டுதோறும் மில்டவுன் மால்பே என்னும் சிற்றூரில் நடைபெறும் கோடைப்பள்ளியில், பன்னாட்டு மாணவரும் ஆசான்முன் அமர்ந்து கேட்டே கற்கின்றனர்.

வள்ளுவப் பெருந்தகை கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கேள்வியும் கற்றலே என்னும் உண்மை தமிழர்க்குப் புதிதன்று, மறந்ததே புதிது! பிள்ளைக்குத் தமிழ்ப்பாட நூலை வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழ்ப் பெற்றோர், அயர்லாந்தின் இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கட்டும். பாடநூல் மொழியின் படியைக் காக்கும். மூலத்தைக் காப்பது பிள்ளையின் காது. அக்காதில் நாள்தோறும் விழுவது எம்மொழியோ, அம்மொழியே நாளை வாழும்!