நீதியரசருக்கும் விருப்பு வாக்கா?

கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தேநீர்க்கடை. அங்கே பிளேன்ரீ அருந்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஐயா, அமெரிக்காவில் எங்கள் சாச்சா இருக்கிறார். அவருடைய மாநிலத்துச் சட்டசபையில் இருந்த ஒருவர் மேல் நீதிமன்ற நீதிபதிப் பதவிக்குத் தேர்தலில் நின்றாராம். சாச்சாவும் போய் வாக்களித்தாராம். நமக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை?"

நல்ல கேள்வி. அவர் குரலில் ஆர்வத்தைவிடக் கோபமே மிகுதியாயிருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவர் கேட்கும் மருந்து நோயைவிடக் கொடியது என்பது என் கருத்து. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அன்று முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

சட்டசபையிலிருந்து நீதிமன்றத்துக்குச் சென்ற மனிதரைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கற்பிட்டி மண்ணிலேயே 1807ஆம் ஆண்டு ஒருவர் பிறந்தார். சைமன் காசிச்செட்டி என்பது அவர் பெயர். 1834இல் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டவர்; 1859இல் ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துத் 'தமிழ் புளூட்டாக்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டவர். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். 1845இல் அப்பதவியைத் துறந்து குடிசார் சேவையில் சேர்ந்தார். பின்னர் சிலாபத்தின் மாவட்ட நீதிபதியானார். 1860இல் மறைந்தார். புத்தளம் மாவட்டக் கரையோரத்திலேயே தொடங்கி முடிந்த வாழ்க்கை அது.

தமிழறிஞர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியவர்தான். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அவரைச் சபைக்கு அனுப்பியது மக்கள் அல்லர், ஆளுநர். நீதிபதி ஆசனத்தில் இருத்தியதும் அதே அரசாங்கந்தான். அன்று மாவட்ட நீதிபதிப் பதவி குடிசார் சேவையின் பல பதவிகளுள் ஒன்று. சட்டம் இயற்றிய கையும், அதை நடத்திய கையும், அதைக் கொண்டு தீர்ப்புச் சொன்னவரை நியமித்த கையும் ஒரே கை. காசிச்செட்டி நேர்மையாளராய் இருந்திருக்கலாம். அந்த நேர்மைக்கு ஏற்பாட்டில் எந்தக் காப்பும் இல்லை. ஆளுநரின் அந்தக் கையைப் பிடுங்கி நீதியை விடுவிக்கவே பின்வந்த தலைமுறைகள் போராடின.

ஆளுநரிடமிருந்து பிடுங்கியதை வாக்காளரிடம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? அமெரிக்கா கற்றுக்கொண்ட பாடத்தைப் பார்ப்போம்.

சான்ட்ரா டே ஓகானர் அரிசோனா மாநிலச் செனற்றில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராயிருந்தவர். 1974இல் மரிக்கோப்பா மாவட்ட நீதிமன்றத்துக்குத் தேர்தலில் நின்று வென்று நீதிபதியானார். 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசரானார். தம்பி சொன்ன அதே பாதையில் நடந்தவர். அவர் வென்ற அதே 1974ஆம் ஆண்டுத் தேர்தலில், மேன்முறையீட்டு நீதிபதிகளையும் பெரிய மாவட்டங்களின் நீதிபதிகளையும் இனித் தகுதி ஆய்வுக் குழுவின் பரிந்துரைப்படியே நியமிப்பது என்று அரிசோனா வாக்காளர் முடிவு செய்தனர். ஓகானர் 2006இல் ஓய்வு பெற்றபின், நீதிபதிகளைத் தேர்தலில் நிறுத்தும் வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் பேசினார். அந்த ஏணியில் ஏறியவரே ஏணியை எடுத்துவிடுங்கள் என்றார். தோற்றவர் சொன்னால் வயிற்றெரிச்சல் எனலாம், வென்றவர் சொன்னால்?

ஏன் சொன்னார் என்பதற்கு மேற்கு வேர்ஜீனியா மாநிலம் விடை தருகிறது. அங்கே ஒரு நிலக்கரிக் கம்பனிக்கு எதிராக ஐந்து கோடி டொலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. கம்பனி மேன்முறையீடு செய்யவிருந்த வேளையில், 2004இல், மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்தல் வந்தது. கம்பனித் தலைவர் ஒரு வேட்பாளரின் வெற்றிக்காக ஏறத்தாழ முப்பது இலட்சம் டொலர் செலவிட்டார். வேட்பாளர் வென்றார். மேன்முறையீடு வந்தபோது அவர் விலகவில்லை. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கம்பனி தப்பியது. 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் விலகியிருக்க வேண்டுமென்று கூறியது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். ஒரு வாக்கு மாறியிருந்தால் அதுவே நீதியாய் நிலைத்திருக்கும்.

மெக்சிக்கோ இன்னும் ஒரு படி மேலே போனது. 2025 ஜூன் 1ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தையும் சேர்த்து நீதிபதிகளுக்குத் தேர்தல் நடத்தியது. வாக்களித்தவர் நூற்றுக்குப் பதின்மூவர் அளவே. யாருக்குப் புள்ளடி இட வேண்டும் என்று எண்களை அச்சிட்ட மடிப்புத் தாள்கள் வாக்காளர் கைகளில் திணிக்கப்பட்டன. பெயர் தெரியாத வேட்பாளர் பட்டியலை மக்களிடம் நீட்டினால், தாள் அச்சிட்டுக் கொடுப்பவனே தேர்ந்தெடுப்பவன் ஆகிறான்.

அப்படியானால் சட்டசபைக்குப் போனவன் நீதிபதியாகவே கூடாதா? அதுவும் என் வாதமன்று. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ண ஐயர் 1952இல் சென்னைச் சட்டசபையிலும் 1957இல் கேரளச் சட்டசபையிலும் உறுப்பினர். நம்பூதிரிப்பாடின் அமைச்சரவையில் அமைச்சர். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 1973இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் நியமிக்கப்பட்டார். அரசியல்வாதிக்கு அந்த ஆசனமா என்று வழக்கறிஞர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அவரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது இந்திரா காந்தியின் அரசு. 1975 ஜூன் 24ஆம் திகதி அதே இந்திராவின் தேர்தல் வழக்கு அவர் முன் வந்தது. முழுத் தடை கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. பிரதமராகத் தொடரலாம், மக்களவையில் வாக்களிக்கக் கூடாது என்றார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

அதே நாட்டில் பஹருல் இஸ்லாம் என்பவரும் இருந்தார். காங்கிரஸ் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர்; 1972இல் பதவி துறந்து குவாஹாத்தி உயர் நீதிமன்ற நீதிபதி; 1980இல் உச்ச நீதிமன்ற நீதிபதி. பீகாரின் காங்கிரஸ் முதலமைச்சர் ஜெகநாத் மிஸ்ராவைக் கூட்டுறவு வங்கி வழக்கிலிருந்து விடுவித்த பெரும்பான்மைத் தீர்ப்பில் 1982 டிசம்பரில் பங்கேற்றார். அடுத்த மாதமே பதவி விலகினார். 1983இல் அதே கட்சியின் சார்பில் மீண்டும் மாநிலங்களவைக்குப் போனார்.

இருவரும் ஒரே வாசலால் நுழைந்தவர்கள். ஒருவர் தாம் வந்த கதவை அடைத்துவிட்டு அமர்ந்தார். மற்றவருக்கு அது திறந்தே கிடந்தது. நீதிபதி எங்கிருந்து வந்தார் என்பதைவிட, அடுத்து எங்கே போகப் போகிறார், அந்தப் பயணத்துக்கு யாருடைய தயவு வேண்டும் என்பதே நாம் கேட்க வேண்டியது. மீண்டும் தேர்தலில் நிற்க வேண்டிய நீதிபதிக்கு அந்தத் தயவு ஒவ்வொரு தவணையும் வேண்டும்.

இனிப் புத்தளத்துக்கு வருகிறேன். தம்பி, உங்கள் மாவட்டத்தில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கினர் சிங்களவர். எஞ்சியோர் நீங்களும், உடப்பு, முந்தல் கரைகளிலும் பிறவிடங்களிலும் வாழும் தமிழரும். விருப்பு வாக்கு முறை 1989இல் வந்தது. அதன்பின் மூன்று தசாப்தங்கள் இந்த மாவட்டத்தில் நேரடியாக வென்ற முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைக் காண உங்கள் சமூகத்தால் முடியவில்லை. 2020இல் கட்சிகளை ஒதுக்கி ஒரே அணியாய் நின்றபின்னரே ஓர் ஆசனம் கிடைத்தது. எட்டு ஆசனங்களில் ஒன்றைப் பெற முப்பது ஆண்டு. ஒரே ஒரு நீதிபதி ஆசனத்தை எத்தனை ஆண்டில் பெறுவீர்கள்? பெரும்பான்மையின் வாக்கைக் கேட்டு வென்றவர் முன்னால், பள்ளிவாசல் காணிக்காகவும் கோயில் திருவிழாவுக்காகவும் நீங்கள் நிற்கும்போது, அவர் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பாரா, அடுத்த தேர்தலைப் பார்ப்பாரா?

1990இல் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களுள் பெரும்பகுதியினர் வந்து தங்கியது இதே கரையில்தான். அவர்களுள் பலருக்கு நெடுங்காலம் ஓலைக் கொட்டிலே வீடு. வாக்குரிமை இங்கேயா அங்கேயா என்ற இழுபறி வேறு. அரசியல்வாதி அவர்களை எண்ணிக்கையாகத்தான் பார்த்தான். வாக்கற்றவனும் வழக்காளியாக நுழையக்கூடிய ஒரே அரச கட்டடம் நீதிமன்றம். அதன் வாசலிலும் வாக்குப் பெட்டியை வைத்துவிட்டால் அவன் எங்கே போவான்?

உங்கள் கோபம் நியாயமானது என்றேன். மறைக்கவில்லை. சட்டமியற்றுவோர் நீதிபதிகளான கதை நம் நாட்டிலும் உண்டு. அங்கி மட்டும் அணியவில்லை. 2012இல் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்காவை விசாரிக்கப் பாராளுமன்றத் தெரிவுக்குழு அமர்ந்தது. அரசுத் தரப்பின் சட்டமூலம் ஒன்றில் நீதிமன்றம் குறுக்கே நின்றதற்குப் பின் நிகழ்ந்தது இது. அத்தகைய குழுவுக்கு நீதி அதிகாரமில்லை என்று 2013 ஜனவரி 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் பொருள்கோடல் செய்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் முடிவை இரத்துச் செய்தது. பாராளுமன்றம் பொருட்படுத்தவில்லை. ஜனவரி 11ஆம் திகதி 155க்கு 49 என்ற வாக்குகளால் அவரை நீக்கும் பிரேரணையை நிறைவேற்றியது. சில நாட்களில், அமைச்சரவையின் சட்ட ஆலோசகராயிருந்த மொஹான் பீரிஸ் அந்த ஆசனத்தில் அமர்த்தப்பட்டார். 2015இல் அந்த நியமனமே செல்லாது என்று புதிய அரசு சொன்னது.

அந்த 155 பேருள் பெரும்பாலோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. வாக்குகளை எண்ணி நீதி வழங்கினால் என்ன கிடைக்கும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மறுபடியும் பரீட்சிக்க வேண்டுமா?

பாராளுமன்ற உறுப்பினன் தன் வாக்காளருக்குக் கடன்பட்டவன். படாவிட்டால் அவன் துரோகி. நீதிபதி எவருக்கும் கடன்படலாகாது. பட்டால் அவன் துரோகி. இவ்விரு பதவிகளையும் ஒரே தராசில் நிறுப்பது ஜனநாயகம் ஆகாது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி அல்லாமல், அவர்களை நியமிப்பவனின் கையைக் கட்டுவது பற்றியே நாம் பேச வேண்டும். அரசியலமைப்புப் பேரவை 2001இல் வந்தது, 2010இல் கலைக்கப்பட்டது, 2015இல் மீண்டது, 2020இல் மறுபடியும் பறிக்கப்பட்டது, 2022இல் 21ஆவது திருத்தத்தால் திரும்பியது. ஆட்சிக்கு வருகிறவன் அதை அழிக்க இத்தனை துடிப்பதே அதன் அருமைக்குச் சான்று. அதைக் காக்கும்படி கேளுங்கள். அரசியலிலிருந்து நீதிமன்றம் போகிறவர் இடையில் சில ஆண்டு விலகியிருக்க வேண்டுமென்று கேளுங்கள். நீதிமன்றத்திலிருந்து அரசியலுக்கும் அரச பதவிகளுக்கும் திரும்பும் கதவை மூடும்படி கேளுங்கள்.

சாச்சாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தம்பி. அவர் வாக்களித்த நீதிபதியின் தேர்தலுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்பதையும் மறவாமல் கேட்டு எழுதுங்கள்.