ஞானசௌந்தரிக்கு இன்று மேடை இல்லையா?

திருமுருகன்பூண்டியில் உளியோசை கேட்கும் சிற்பக்கூடங்களைக் கடந்து கோயிலுக்குச் செல்வோர், அங்கு விழாக்காலத்தில் நடத்திக்காட்டப்படும் வேடுபறியை அறிவர். சேரமான் பெருமாள் அளித்த பொன்னோடு வரும் சுந்தரரை வேடர் வழிமறித்துப் பறிக்கின்றனர். பறிபோனது இறுதியில் மீள்கிறது. முடிவு தெரிந்திருந்தும் மக்கள் திரளாகக் கூடுகின்றனர்.

இவ்வட்டாரக் கத்தோலிக்கராகிய நாம் நம் பழைய நாடகத்தை என்ன செய்தோம்? ஒரு காலத்தில் தமிழகம் முழுவதும் மேடை கண்ட 'ஞானசௌந்தரி'யை இன்று நம் பங்குத் திருவிழாக்களில் காண்பது அரிதாகிவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகம் அது. 'வள்ளி திருமணம்' எழுதிய அதே கைதான், தேவமாதாவின் அருளால் கைகளைத் திரும்பப் பெற்ற இளவரசியின் கதையையும் எழுதியது. 1948இல் அது திரைப்படமாகவும் வெற்றி கண்டது.

இந்நாடகத்திற்கு இருவகைப் பகைவர் உளர். "காலங்கடந்த கதை" என்று ஒதுக்குவோர் ஒருவகை. "ஓர் எழுத்தும் மாறலாகாது" என்று பூட்டிவைப்போர் மற்றொரு வகை. இரண்டாமவரே அதிகத் தீங்கு செய்கின்றனர் என்பேன். மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் சந்திக்கின்றனர். பாடல்கள் சுவாமிகளுடையவை, வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கமோ அவரவர் சொந்தச் சரக்கு. அதில் அன்றைய நாட்டுநடப்பெல்லாம் வந்துவிடும். அந்த உரிமை இருப்பதால்தான் அந்நாடகம் இன்றும் வாழ்கிறது.

முதல் வகையினருக்கு ஒரு கேள்வி. பொறுமையே உருவான பெண், இறுதியில் ஒரு புதுமை. இது இன்றைய பெண்களுக்கு எதற்கு என்கிறீர்கள். நம் பனியன் கம்பெனிகளில் கைகளையே முதலாகக் கொண்டு வாழும் பெண்கள் எத்தனை பேர்! இயந்திரத்தில் ஒரு விரல் போனால் குடும்பத்தின் சோறு போகும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திருமணத்திற்குப் பணம் சேரும் என்று ஆசைகாட்டி இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளுக்கு அழைத்துச்சென்ற 'சுமங்கலித் திட்டத்தை' நாம் மறந்துவிட்டோமா? கை வெட்டுண்ட மகளும், பொய்க்கடிதத்தால் துரத்தப்பட்ட தாயும் அவர்களுக்கு அந்நியரா? நாடகத்தில் குறையில்லை. அதை அவர்கள் முன் வைக்க நமக்குத் துணிவில்லை.

"ஊரே மாறிவிட்டது, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மக்கள் வந்துவிட்டனர், இனித் தமிழ்ப் பழமை எதற்கு?" என்றும் சிலர் கேட்கின்றனர். இந்தக் கதையே ஓர் அந்நிய நாட்டுப் பயணிதான். கையிழந்த பெண்ணின் கதை ஐரோப்பாவில் பல வடிவங்களில் வழங்கியது; கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட தொகுப்பிலும் அது உண்டு. வந்தேறிய கதைக்குத் தமிழ்ப்பாட்டும் தமிழ்க்கண்ணீரும் தந்து நம் வீட்டுப்பெண்ணாக ஏற்றுக்கொண்டோம். கதைக்குத் திறந்த கதவை, அடுத்த வரிசையில் நின்று திருப்பலி காணும் ஜார்க்கண்ட் சகோதரிக்கு ஏன் திறக்கலாகாது? காட்டில் தனித்து நிற்கும் ஞானசௌந்தரி அவள் மொழியில் ஒரு பாட்டுப் பாடினால் தமிழ் குறைந்துவிடுமா?

ஆகவே பங்குப் பேரவைகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒன்று கூறுவேன். அடுத்த திருவிழாவில், திரைப்பாட்டு நடனத்திற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையேனும் இந்நாடகத்திற்குத் தாருங்கள். தையல் இயந்திரத்தின் முன் அமரும் பெண்களையே நடிக்கச் செய்யுங்கள்; தர்க்கத்தை அவர்களே அமைக்கட்டும். தேவமாதாவின் புதுமையை நீக்க வேண்டாம். ஆனால் கைகள் மீண்டபின் ஞானசௌந்தரி என்ன பேசுகிறாள் என்பதை அவர்கள் வாயிலிருந்து கேட்போம். அதைக் கேட்க அஞ்சுகிறவர்கள், நாடகம் பழையது என்று இனியும் சொல்ல வேண்டாம்.