ஏழையின் புகைக்கு அபராதம், முதலாளியின் புகைக்கு அவகாசமா?

பாரதக் கதையின் அஸ்தினாபுரத்திலே ஒரு சூதாட்டம் நடந்தது. பகடை சகுனியின் கையில். ஆட்டம் தொடங்கும் முன்பே யார் தோற்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

நம்முடைய அஸ்தினாபுரத்தில் அரண்மனையும் கிடையாது, ராஜசபையும் கிடையாது. குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ராஜேந்திர பிரசாத் சாலை வழியே போனால் வருகிற, தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த ஊர் அது. உழைத்துப் பிழைக்கிறவர்களின் ஊர். ஆனால் இங்கேயும் ஒரு சூதாட்டம் நடக்கிறது. அதற்குப் பெயர் புகைப் பரிசோதனை.

இந்த ஊர்த் தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். ராத்திரி ஷிப்டு வேலை. காலையில் மனைவியோடு சேர்ந்து ரோட்டோரத்தில் இட்லிக் கடை. அண்டா குண்டா ஏற்றிப் போக, நாலு கை மாறி வந்த பழைய ஆம்னி வண்டி ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார். 1999-ம் வருஷத்து வண்டி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புகைச் சர்டிபிகேட் எடுத்தாக வேண்டும். சோதனைக்காரர் சைலன்ஸருக்குள் குழாயை விட்டார். மெஷினில் எண் ஏறியது. “பெயில்” என்றார். ஏன் பெயில், எதைச் சரி செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. “மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் பாஸாகும்” என்று ஒரு குரல் மட்டும் காதோரம் கேட்டது.

பாஸாக வேண்டியது வண்டியா, பர்ஸா?

காருக்கும் நமக்கும் என்ன?

“கார் வைத்திருப்பவன் கவலை நமக்கெதற்கு?” என்று மில் தொழிலாளி கேட்கலாம், விவசாயக் கூலி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய கார் இன்று யார் வீட்டு வாசலில் நிற்கிறது? பணக்காரன் நாலைந்து வருஷத்தில் வண்டியை மாற்றிவிடுகிறான். அவன் கழித்த வண்டியைத்தான் உங்கள் தம்பி வாங்குகிறான். உங்கள் வயலில் விளைந்த கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டு போகிற ‘குட்டி யானை’யும் இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிதான். மில்லில் பாதி ராத்திரியில் ஷிப்டு முடிகிறபோது பஸ் இல்லாததால்தானே தொழிலாளி பழைய மோட்டார் சைக்கிளை வாங்குகிறான்? அதுவும் இதே குழாய்க்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

தண்டனை என்ன தெரியுமா? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்படி, புகை விதியை மீறிய வண்டிக்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் லைசென்ஸும் செல்லாது. வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு லைசென்ஸ் போனால் அடுப்பில் பூனை தூங்கும்.

சட்டம் கடுமையாக இருக்கட்டும், அதை நாம் குறை கூறவில்லை. அந்தக் கடுமை யார் மீது பாய்கிறது, யாரைக் கண்டு பதுங்குகிறது என்பதுதான் கேள்வி.

பகடையை உருட்டியது யார்?

வண்டியைச் செய்தது தொழிலாளியின் கைதான். ஆனால் அது எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு புகை விட வேண்டும் என்று தீர்மானித்தது கம்பெனி. அந்தக் கம்பெனிகள் பரிசோதனையில் எப்படிப் பாஸானார்கள்?

2013-ம் வருஷம் ஜூலை மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இந்தியாவில் விற்ற டவேரா வண்டிகளில் 1 லட்சத்து 14 ஆயிரத்தைத் திரும்ப அழைத்தது. சோதனைக்கு அனுப்பும் வண்டியில் புகை குறைவாக விடும் என்ஜினைப் பொறுக்கி மாட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்பது அம்பலமாயிற்று. சர்க்கார் நியமித்த குழுவே இது கம்பெனி செய்த மோசடி என்று சொன்னது.

2015 செப்டம்பரில் உலகமே சிரித்தது. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனி, சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் புகையை அடக்கிக்கொள்ளும் கம்ப்யூட்டர் தந்திரத்தைத் தன் டீசல் கார்களுக்குள் வைத்திருந்தது. சோதனை முடிந்து ரோட்டுக்கு வந்தால், அமெரிக்கச் சட்டம் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு! உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவில் மட்டும் 3 லட்சத்து 23 ஆயிரத்து 700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. இரண்டே மாதத்தில், கடுமையான நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டது கம்பெனி. ரோட்டில் போலீஸ் மடக்கும்போது இட்லிக் கடைக்காரர் எந்தக் கோர்ட்டில் போய்த் தடை வாங்குவார்?

இதையும் கேளுங்கள். 2017 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பாரத் ஸ்டேஜ் 3 வண்டிகளை விற்கக் கூடாது என்று மார்ச் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. கம்பெனிகள் கையில் விற்காத வண்டிகள் சுமார் 8 லட்சம். இந்த நாள் வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் உற்பத்தியை நிறுத்தவில்லை. கடைசி இரண்டு நாளில் ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்து ஜனங்கள் தலையில் கட்டினார்கள். அன்று ‘தள்ளுபடி’ என்று விற்ற சரக்குதான் இன்று ‘பழைய புகை வண்டி’ என்று பழி சுமக்கிறது. லாபம் அவர்களுக்கு, பழி வாங்கியவனுக்கு.

புகைபோக்கிக்கு மட்டும் பொறுமை

நிலக்கரியை எரிக்கும் அனல் மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் குறைக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2015 டிசம்பரில் விதி போட்டது. கெடு இரண்டு வருஷம். 2017-ல் கெடு முடிந்தது, கருவி வரவில்லை. 2022 என்றார்கள். பிறகு மறுபடியும் தள்ளினார்கள், அதற்குப் பிறகும் தள்ளினார்கள். கடைசியில் 2025 ஜூலையில், நாட்டிலுள்ள அனல் மின் நிலையங்களில் சுமார் 78 சதவீதத்துக்கு இந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள்! பெரிய நகரங்களை ஒட்டிய நிலையங்களுக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை இன்னொரு கெடு.

காரணம் என்ன சொன்னார்கள்? செலவு அதிகமாம். நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவாம்.

செலவு அதிகம் என்றால் விலக்கு உண்டா? அப்படியானால் நம் தொழிலாளியும் சொல்லலாமே! “புதுக் கேடலிடிக் கன்வெர்ட்டர் மாட்ட ஆகும் செலவு என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும், எனக்கும் பத்து வருஷம் அவகாசம் கொடுங்கள்” என்று கேட்கலாமே! கேட்டால் கொடுப்பார்களா? ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான்.

அவகாசம் இல்லாவிட்டால் போகிறது, சுமையையாவது ஏற்றாமல் இருந்தார்களா? 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி ஏறி, 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய், ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டிக்கு 5,000 ரூபாய். வண்டி சுத்தமாக ஓடுகிறதா, அழுக்காக ஓடுகிறதா என்று இந்தக் கட்டணம் பார்க்கவில்லை. வயதைப் பார்க்கிறது. நன்றாகப் பராமரித்த பழைய வண்டிக்கும் அதே தண்டம்தான். டில்லியில் இன்னும் ஒரு படி மேலே போய், 2025 ஜூலை 1-ந் தேதி முதல் பழைய வண்டிக்கு பங்கில் பெட்ரோலே போடக் கூடாது என்றார்கள். ஜனங்கள் கொதித்தார்கள், சில நாளிலேயே அதை ஒத்திப்போட்டார்கள்.

அப்படியானால் புகை விடட்டுமா?

“ஓகோ, ஏழையென்றால் புகை விடலாம் என்கிறீர்களா?” என்று பெரிய மனிதர்கள் கேட்பார்கள். இல்லை ஐயா, ஒருக்காலும் இல்லை!

ஜி.எஸ்.டி. சாலையில் குளிர்சாதனக் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர் அந்தப் புகையைக் குடிப்பதில்லை. குடிப்பவர் ரோடு கூட்டும் துப்புரவுத் தொழிலாளி. சிக்னலில் பூ விற்கும் அம்மாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நம் பிள்ளை. தோல் பதனிடும் ஆலையிலிருந்தே பேர் வாங்கிய ஊர் குரோம்பேட்டை. ஆலைக் கழிவும் நாற்றமும் யார் உடம்பில் இறங்கும் என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே காசு கொடுத்துச் சர்டிபிகேட் வாங்கும் வேலை நமக்கு வேண்டாம். அது நம் பிள்ளைகளின் மூச்சை நாமே விற்பதாகும்.

அந்த வியாபாரம் எவ்வளவு பெரிதென்று கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே சொல்கிறது. டில்லியில் 2015 ஆகஸ்டிலிருந்து 2020 ஆகஸ்ட் வரை, அளவுக்கு மேல் புகை விட்டும் ‘பாஸ்’ போட்ட பெட்ரோல், கேஸ் வண்டிகள் 1 லட்சத்து 8 ஆயிரத்துக்கு மேல்! 2025 ஏப்ரலில் சட்டசபையில் வைத்த அறிக்கை இது. இன்னொரு வேடிக்கை: வோக்ஸ்வேகன் மறைத்த நைட்ரஜன் ஆக்சைடை இந்தச் சோதனை அளப்பதே கிடையாது. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோ கார்பனும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியும்தான் பார்க்கிறார்கள். திருடன் போகும் வாசலுக்குக் காவல் இல்லை.

வண்டியை நேர்மையாகப் பாஸாக்குவது எப்படி?

விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தவனை யாரும் ஏய்க்க முடியாது. 2000-க்கு முந்தைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை போகலாம். பாரத் ஸ்டேஜ் 2, 3 காருக்கு 0.5 சதவீதம், ஸ்டேஜ் 4 காருக்கு 0.3 சதவீதம். பழைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி 65, ஸ்டேஜ் 4 டீசலுக்கு 50. ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டியின் சர்டிபிகேட் ஆறு மாதம் செல்லும். அதற்குப் பிந்தையதற்கு ஒரு வருஷம்.

கார்பன் மோனாக்சைடு ஏறினால், பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்று பொருள். அடைத்துக்கிடக்கும் ஏர் பில்டரை மாற்றுங்கள். கார்புரேட்டரைக் கழுவி, ஐடில் திருகாணியை மெஷினைப் பார்த்தபடியே திருகச் சொல்லுங்கள். ஹைட்ரோ கார்பன் ஏறினால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. பிளக்கையும் வயரையும் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் எண்ணெய் மிஞ்சி எரிகிறது; டீசல் வண்டியில் இன்ஜெக்டரையும் பில்டரையும் கவனிக்க வேண்டும். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயிலே எரிகிறது. அதற்கு ரிங் வேலை பார்க்க வேண்டியிருக்கலாம். கன்வெர்ட்டர் உள்ள காரில் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் மாட்டச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள். அதற்குள் இருக்கும் பிளாட்டினத்துக்காகத்தான் அவன் அலைகிறான். குளிர்ந்த என்ஜினைச் சோதனைக்கு விடாதீர்கள். இருபது நிமிஷம் ஓட்டி, சூடாக்கிக் கொண்டு போங்கள். சூடானால்தான் கன்வெர்ட்டர் வேலை செய்யும்.

பெரும்பாலும் ஒரு பில்டர், நாலு பிளக், ஒரு நல்ல மெக்கானிக், இவ்வளவில் முடிகிற காரியம் இது. இந்தச் சிறு உதவியைச் செய்யாமல், வண்டியையே கழித்துக் கட்டு, புது வண்டி வாங்கு என்பவர் காற்றுக்காகப் பேசவில்லை, கம்பெனியின் விற்பனைக்காகப் பேசுகிறார்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: பெயில் போட்டால், எந்த எண், எந்த அளவு, எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பழுது பார்த்து வந்தால் மறு சோதனைக்குக் காசு வாங்கக் கூடாது.

இரண்டு: அரசு ஐ.டி.ஐ.களில் பழைய வண்டிகளை அடக்க விலைக்குச் சீர் செய்யும் முகாம் நடத்த வேண்டும். படிக்கும் பிள்ளைகளுக்குத் தொழிலும் வரும், ஊருக்குக் காற்றும் வரும்.

மூன்று: வயதைப் பார்த்துப் போட்ட 2025 கட்டணத்தை எடுக்க வேண்டும். புகையைப் பார்த்துப் போடு!

நான்கு: வண்டி ஓடுகிற காலம் வரை கன்வெர்ட்டரும் சென்ஸரும் நியாய விலைக்குக் கிடைக்கச் செய்வது கம்பெனியின் பொறுப்பாக வேண்டும்.

ஐந்து: ஆலைகளும் மின் நிலையங்களும் விடும் புகையின் அளவை அவற்றின் வாசலில் தினமும் எழுதி வைக்க வேண்டும். கெடு தவறினால், நமக்குப் போலவே அவர்களுக்கும் அன்றே அபராதம்.

ஆறு: ஷிப்டு நேரத்துக்குப் பஸ் விட வேண்டும். பஸ் வந்தால் பாதிப் பழைய வண்டி தானாக வீட்டில் நிற்கும்.

இது சலுகை கேட்கும் மனு அல்ல. ஒரே புகைக்கு ஒரே சட்டம் கேட்கிறோம். புகைக்குழாய் சிறியதா பெரியதா என்று பார்த்து நீதி மாறினால், அந்த நீதி சகுனியின் பகடைதான். பாரதத்து அஸ்தினாபுரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு பெரியவர்கள் எல்லாம் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள். நம்முடைய அஸ்தினாபுரம் வாய்மூடி இருக்கக் கூடாது.

அடுத்த தடவை மெஷின் ‘பெயில்’ என்று காட்டும்போது, நோட்டை நீட்டாதீர்கள். கேள்வியை நீட்டுங்கள்: “என் எண்ணைக் காட்டிவிட்டாய், அவன் எண் எங்கே?”