போல்ட் அடிக்க யாரிடம் மனுக் கொடுப்பது?

2025 ஜனவரி 4-ஆம் தேதி பைடன் கையெழுத்திட்ட எக்ஸ்ப்ளோர் சட்டத்தில் பாறையேறிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வில்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்ட நிலங்களிலும் போல்ட் போன்ற நிரந்தர ஆங்கர் பதிப்பது, பயன்படுத்துவது, பராமரிப்பது எல்லாம் ஏற்புடையவை என்கிறது அது. 2023 நவம்பரில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையும் வனத்துறையும் வெளியிட்ட வரைவுகளின் போக்கு வேறு. 1964-ஆம் ஆண்டு வில்டர்னஸ் சட்டம் தடுக்கும் அமைப்புகளின் கூட்டத்தில் போல்ட்டையும் சேர்த்து, விதிவிலக்கு வாங்கினால்தான் உண்டு என்றன. சட்டம் அந்தப் போக்கைத் திருப்பிவிட்டது. வரவேற்கிறோம்.

அரிசோனா மூலையில் இருக்கும் வர்ஜின் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் குளிர்காலப் பயணம் போடும் வாசகர்கள் சிலர், இதனால் அங்கே என்ன மாறும் என்று கேட்டிருந்தார்கள். இருக்கும் ரூட்டுகளில் ஏறப்போகிறவருக்கு உடனே எதுவும் மாறாது. அங்கே போகும் நெடுஞ்சாலையின் இருபக்கமும் பீவர் டாம், பையூட் என்று இரண்டு வில்டர்னஸ் பகுதிகள் உள்ளன. அவற்றுக்குள் புது ரூட் போட நினைப்பவருக்குத்தான் சட்டம் துணை. 1997-இல் கிறிஸ் ஷர்மா முடித்த 5.14சி ‘நெசசரி ஈவில்’ இங்கேதான் இருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

பாலைவனம் என்றதும் நம் ஆட்கள் வெயிலுக்குத்தான் தயாராகிறார்கள். அடி வாங்குவது முன்கையில். மதுரைப் பக்கத்து ஸ்லாப்பில் காலின் உராய்வை நம்பி ஏறிப் பழகியவருக்கு, வெளிப்பக்கம் சாய்ந்த சுண்ணாம்புக் கல்லில் ஐந்தாவது போல்ட்டுக்குள் விரல் திறந்துகொள்ளும். இரண்டு மாதம் செயற்கைச் சுவரில் உழைத்துவிட்டுப் போங்கள். எந்தச் சுவருக்கு எப்போது வெயில் வரும் என்று பார்த்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 15-ஆம் எண் நெடுஞ்சாலை பள்ளத்தாக்கு வழியாகவே போவதால் பிலே கொடுப்பவருக்கு மேலிருந்து கத்துவது கேட்காது. சைகைகளைத் தரையிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் வாசகர்கள் ஓமானின் ‘வாதி’ எனப்படும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குப் போவதாக இருந்தால், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மலைக்குள் எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும்.

பயணம் அவ்வளவுதான். சட்டத்தைப் படித்து முடித்ததும் உசிலம்பட்டியில் இருக்கும் நமக்குத் தோன்றுவது வேறு. அங்கே துறையும் ஏறிகளும் போல்ட்டை வைத்துச் சண்டை போட்டு, அது நாடாளுமன்றம்வரை போய், ஒரு முடிவு வந்துவிட்டது. இங்கே சண்டை போடவும் ஒரு வரி கிடையாது. காப்புக்காடு என்றால் வனத்துறை, புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை, உச்சியில் கோயில் இருந்தால் அறநிலையத்துறையும் ஊரும், சமணர் படுக்கை இருந்தால் தொல்லியல் துறை. பாறையில் ஆங்கர் வைக்க இன்ன படிவம், இன்ன அதிகாரி என்று இவர்களில் யாரும் சொல்வதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு வந்த விதிகள் காட்டுக்குள் நடப்பவர்களுக்கானவை. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ 40 பாதைகளைத் திறந்தது, அவையும் நடைப்பாதைகள்தாம். ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்ட ஒரு விளையாட்டு அரசுத் தாளில் இன்னும் மலை நடையாகவே கிடக்கிறது.

ஆங்கர் வைக்க அனுமதி கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில் நம் மனுவைப் புரட்டிய ஊழியர், “குவாரிங்களா சார்?” என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. குவாரிக்கு 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகள் உண்டு. குத்தகையும் கட்டணமும் உண்டு. மலையையே அறுத்து லாரியில் ஏற்ற முறையான வழி இருக்கிறது. அதே மலையில் பத்து சென்டிமீட்டர் துளை போட வழி இல்லை. முறையான வழியும் போதாமல் மேலூர் பக்கம் கிரானைட் குவாரிகளில் என்ன நடந்தது என்பதை 2012 முதல் நாடே பார்த்தது. 2014-இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை விசாரிக்க அனுப்ப வேண்டியிருந்தது. 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியையும் உள்ளடக்கி, இரண்டே ஆண்டில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டார்கள். மக்கள் திரண்டு நின்ற பிறகே, 2025 ஜனவரியில், அது ரத்தானது. கல்லைக் காப்பதாகச் சொல்லி நம்மைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

எல்லா மலையையும் திறந்துவிடச் சொல்லவில்லை. கீழக்குயில்குடிச் சமணர் மலை, விக்கிரமங்கலம் உண்டாங்கல், அரிட்டாபட்டி ஆகியவற்றில் ஒரு துளைகூடக் கூடாது. டாப் ரோப்பும் வேண்டாம். பயிற்சியாளர் யாராவது அங்கே முகாம் போட்டால் இவ்விதழ் அவர் பக்கம் நிற்காது.

மற்ற பாறைகளில், விதி இல்லாததால் போல்ட் நின்றுவிடவில்லை. திருட்டுத்தனமாக வருகிறது. ஹார்டுவேர் கடையில் வாங்கிய எக்ஸ்பான்ஷன் போல்ட், யாரோ வளைத்த ஹேங்கர். யூஐஏஏ 123 தரம் பற்றிக் கேட்க ஆளில்லை. யார் அடித்தது, எந்த ஆண்டு, என்ன எஃகு என்று பதிவும் இல்லை. அதில் குவிக்டிரா மாட்டிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறோம். ஒன்று பிடுங்கிக்கொண்டால் மறுநாளே தடை உத்தரவு வரும். அதற்கு மட்டும் எந்தத் துறை என்ற குழப்பம் இருக்காது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். உங்கள் மாவட்டத்தில் ஏறத் தகுந்த பாறை ஒவ்வொன்றுக்கும் கிராமம், சர்வே எண், நில வகை ஆகியவற்றை எழுதுங்கள். கல்வெட்டு, படுக்கை, கோயில் இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். போல்ட் ஏற்கெனவே இருந்தால் அதன் விட்டம், துருவின் நிலை, கிட்டத்துப் படம் வேண்டும். அடுத்த இதழுக்குள் அனுப்பிவையுங்கள். மதுரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு நாம் போகிறோம். மற்ற மாவட்டத்தார் அவரவர் ஆட்சியரிடம் போங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.